குழந்தைக்கு ஒரு நாளில் எத்தனை கிராம் சர்க்கரை? இனிப்பைக் கணக்கிட்டுக் கொடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

குழந்தைக்கு இனிப்பு எவ்வளவு கொடுக்கலாம் என்று யாரிடம் கேட்டாலும் "அளவாகக் கொடுங்கள்" என்பதுதான் பதில். சரி, அந்த அளவு எவ்வளவு என்று திருப்பிக் கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். உண்மையில் அந்த அளவு கிராம் கணக்கில், வயதுவாரியாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. பாக்கெட்டின் பின்பக்கத்திலும் கிராம் கணக்கு அச்சாகியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பழகிவிட்டால், "இன்னொன்று கொடுக்கலாமா, வேண்டாமா" என்ற அன்றாட இழுபறி பெருமளவு குறைந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ஒன்றுதான். பல குழந்தைகளுக்கு அன்றைய வரம்பு, மிட்டாயைப் பிரிப்பதற்கு முன்பே தீர்ந்துபோயிருக்கும். காலையில் குடித்த பானம், பாலில் போட்டுத் தின்னும் இனிப்பு சீரியல் (தானியச் செதில்), பிஸ்கட், சாஸ் எல்லாமாகச் சேர்ந்து அதை முடித்து வைத்திருக்கும். மிட்டாய் தன்னை இனிப்பு என்று சொல்லிக்கொண்டே வருகிறது. நாமும் உஷாராக இருக்கிறோம். மற்றவை சத்துணவு வேடத்தில் வருவதால் யாரும் தடுப்பதில்லை. ஆகவே குழந்தையின் கையிலிருந்து மிட்டாயைப் பிடுங்குவதற்கு முன் மற்றவற்றைப் பாருங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த வரிசையில்தான் போகின்றன.

முதல் படி: எந்தச் சர்க்கரையைக் கணக்கில் சேர்ப்பது?

எல்லாச் சர்க்கரையும் இந்தக் கணக்கில் வராது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், "கட்டற்ற சர்க்கரை" என்று ஒரு பிரிவைத் தனியாக எடுத்து அதற்கு மட்டும் வரம்பு போட்டது. தொழிற்சாலையிலோ, சமையலறையிலோ, சாப்பாட்டு மேசையிலோ சேர்க்கப்படும் எல்லாச் சர்க்கரையும் இதில் அடங்கும். தேன், எல்லா வகைப் பாகு, பழச்சாறு, சுண்டக் காய்ச்சிய பழச்சாறு ஆகியவற்றில் இயல்பாகவே இருக்கும் சர்க்கரையும் இதில்தான் சேரும்.

முழுப் பழத்தில் இருக்கும் சர்க்கரையும், பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையும் இதில் சேராது. 100 மில்லி வெறும் பாலில் ஏறக்குறைய 5 கிராம் லாக்டோஸ் உண்டு. அதை வரம்பிலிருந்து கழிக்க வேண்டியதில்லை.

இங்கே இரண்டு குழப்பங்கள் அடிக்கடி வரும். ஒன்று, பழம் சேராது என்றால் பழச்சாறு மட்டும் ஏன் சேர்கிறது என்பது. முழு ஆரஞ்சைத் தின்னும் குழந்தை மெல்ல வேண்டும்; நாரோடு சேர்ந்து போவதால் ஒன்று, இரண்டு தின்றதும் வயிறு நிறைந்துவிடும். அதே பழத்தைப் பிழிந்தால் செல்சுவர் உடைந்து சர்க்கரை வெளியே வந்துவிடுகிறது. மூன்று பழத்தின் சாற்றை ஒரு குழந்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மறுபடி பசிக்கிறது என்று வந்து நிற்கும். இரண்டாவது, வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் தேனோ பழுப்புச் சர்க்கரையோ போட்டால் பரவாயில்லை என்ற நம்பிக்கை. பல்லுக்கும் வரம்புக்கும் இவையெல்லாம் ஒன்றுதான். தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. மீதியில் பெரும்பகுதி தண்ணீர்.

இரண்டாம் படி: உங்கள் குழந்தையின் வரம்பைக் கண்டுபிடிப்பது

உலக சுகாதார நிறுவனம் கிராமில் சொல்லாமல் விழுக்காட்டில் சொல்கிறது: ஒரு நாளில் கிடைக்கும் மொத்தக் கலோரியில் கட்டற்ற சர்க்கரை 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது. ஒரு கிராம் சர்க்கரை 4 கலோரி. ஐந்து வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 1,500 கலோரி என்று வைத்துக்கொண்டால், அதில் 5 விழுக்காடு 75 கலோரி. நான்கால் வகுத்தால் ஏறக்குறைய 19 கிராம்.

இந்தக் கணக்கை ஒவ்வொரு வீட்டிலும் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை இதே 5 விழுக்காட்டை வயதுவாரியாகப் பிரித்துத் தருகிறது:

2 முதல் 3 வயது வரை: 14 கிராம்
4 முதல் 6 வயது வரை: 19 கிராம்
7 முதல் 10 வயது வரை: 24 கிராம்
11 வயதும் அதற்கு மேலும்: 30 கிராம்

ஒரு தட்டையான டீஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம். அப்படியானால் ஐந்து வயதுக் குழந்தைக்கு ஐந்து டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. ஒருமுறை ஒரு சின்னக் கிண்ணத்தில் அந்த ஐந்து டீஸ்பூனை அளந்து போட்டுப் பாருங்கள். எண்ணாகக் கேட்பதை விட அது மனதில் நிற்கும்.

அமெரிக்க இதய சங்கம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரை வேறு மாதிரி. 2 முதல் 18 வயது வரை எல்லாருக்கும் நாளுக்கு 25 கிராமுக்குக் குறைவு. 2 வயதுக்குள் சேர்த்த சர்க்கரையே வேண்டாம். இது "சேர்த்த சர்க்கரை" கணக்கு. நூறு விழுக்காடு பழச்சாறு இதில் வராது. அதனால் இரண்டு எண்களையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது. என் பரிந்துரை பிரிட்டன் பட்டியல்தான். வயதோடு சேர்ந்து நகர்கிறது, பழச்சாற்றையும் உள்ளே இழுக்கிறது. இந்த எண்கள் எல்லாமே உச்சவரம்பு என்பதையும் நினைவில் வையுங்கள். தினமும் எட்டிப்பிடிக்க வேண்டிய இலக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். சர்க்கரையே இல்லாமல் ஒரு நாள் போனால் குழந்தைக்கு எந்தச் சத்தும் குறையாது.

2 வயதுக்குள் வேண்டாம் என்பதில் நான் கறாராக இருக்கச் சொல்வேன். 2024-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு இதற்கு வலுவான ஆதாரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கி பிரிட்டனில் சர்க்கரைக்குப் பங்கீடு இருந்தது. 1953 செப்டம்பரில் அது முடிந்தது. பங்கீடு முடிவதற்குச் சற்று முன்னும் பின்னும் கருவானவர்களை, அவர்கள் வயதான பிறகு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கருவில் உருவானது முதல் ஏறக்குறைய ஆயிரம் நாட்கள் சர்க்கரை குறைவாகக் கிடைத்தவர்களுக்கு, பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் அபாயம் சுமார் 35 விழுக்காடும், உயர் ரத்த அழுத்த அபாயம் சுமார் 20 விழுக்காடும் குறைந்திருந்தது. அந்தக் குழந்தைகளின் பெற்றோர் யாரும் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. கடையில் சர்க்கரை அதிகம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அப்படி இருந்தும் ஐம்பது, அறுபது ஆண்டுகள் கழித்து உடம்பில் அதன் பலன் தெரிந்திருக்கிறது.

மூன்றாம் படி: லேபிளை வாசிக்கக் கற்றுக்கொள்வது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்யமுடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பாக்கெட்டின் பின்பக்கச் சத்துப் பட்டியலில் கார்போஹைட்ரேட் என்ற வரிக்குக் கீழே "அதில் சர்க்கரை" என்றோ "மொத்தச் சர்க்கரை" என்றோ ஒரு வரி இருக்கும். சில நாடுகளில் "சேர்த்த சர்க்கரை" என்று இன்னொரு வரியும் இருக்கும். இருந்தால் அதுதான் உங்களுக்கு வேண்டிய எண். முதலில் 100 கிராமுக்கு எவ்வளவு என்ற கட்டத்தைப் பாருங்கள். பாக்கெட்டில் நிறத்தால் அளவைக் காட்டும் பிரிட்டனின் போக்குவரத்து விளக்கு முறையில் 100 கிராம் உணவில் சர்க்கரை 22.5 கிராமைத் தாண்டினால் சிவப்பு. 5 கிராமும் அதற்குக் கீழேயும் பச்சை. உங்கள் ஊரில் அந்த முறை இல்லாவிட்டாலும் இந்த இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொண்டு எந்தப் பாக்கெட்டையும் எடை போடலாம்.

அடுத்து "ஒரு பரிமாறல்" என்று போட்டிருக்கும் அளவு. இங்கேதான் பலர் ஏமாறுவது. ஜெல்லி மிட்டாய்ப் பாக்கெட் 80 கிராம் இருக்கும். பரிமாறல் 25 கிராம் என்று போட்டு, சர்க்கரை 12 கிராம் என்று காட்டியிருக்கும். குழந்தை பாக்கெட் முழுவதையும் தின்றால் அது 38 கிராமுக்கு மேல். நான்கு முதல் ஆறு வயதுக்கான வரம்பைப் போல இரண்டு மடங்கு. பல நாடுகளில் பரிமாறல் அளவைத் தீர்மானிப்பது தயாரிப்பாளர் தரப்பு. குழந்தை எவ்வளவு தின்னும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆகவே எப்போதும் தின்ற அளவை வைத்துக் கணக்குப் போடுங்கள்: தின்ற கிராமை 100 கிராமுக்கான சர்க்கரை எண்ணால் பெருக்கி 100-ஆல் வகுக்க வேண்டும்.

மூன்றாவது பொறி விழுக்காடு. அமெரிக்க லேபிள்களில் பக்கத்தில் அச்சாகும் அன்றாட அளவு விழுக்காடு, நாளுக்கு 2,000 கலோரி என்ற கணக்கில் வரும் 50 கிராமை அடிப்படையாகக் கொண்டது. 12 கிராம் சேர்த்த சர்க்கரை உள்ள ஒரு பாக்கெட்டில் 24 விழுக்காடு என்று இருக்கும். கால்வாசிதானே என்று கொடுத்துவிடுவோம். 19 கிராம் வரம்புள்ள குழந்தைக்கோ அது 63 விழுக்காடு. விழுக்காட்டை மறந்துவிட்டுக் கிராமை மட்டும் பாருங்கள்.

கடைசியாகச் சேர்மானப் பட்டியல். எடையில் அதிகமானது முதலில் வரும் என்பது விதி. சர்க்கரையை ஒரே பெயரில் போட்டால் அது முதலிடத்துக்கு வந்துவிடும். குளுக்கோஸ் பாகு, டெக்ஸ்ட்ரோஸ், ஃப்ரக்டோஸ், இன்வெர்ட் பாகு, மால்ட் சாறு, சுண்டக் காய்ச்சிய பழச்சாறு என்று நான்கைந்து பெயர்களாகப் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிடும். இப்படி மூன்று பெயருக்கு மேல் ஒரே பட்டியலில் கண்டால், முன்பக்கத்தில் என்ன படம் போட்டிருந்தாலும் அதை இனிப்புப் பண்டம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று எழுதிய பழச்சாறு பொய் சொல்லவில்லைதான். ஆனால் 100 மில்லிக்கு 8 முதல் 10 கிராம் வரை பழத்தின் சொந்தச் சர்க்கரை அதில் இருக்கும். உங்கள் கணக்கில் அது முழுவதும் சேரும்.

நான்காம் படி: இனிப்புகளில் எவ்வளவு இருக்கிறது?

பிராண்டுக்குப் பிராண்டு மாறும். கீழே உள்ளவை 100 கிராமுக்கான பொதுவான அளவுகள். உங்கள் பாக்கெட்டில் வேறு எண் இருந்தால் அதையே நம்புங்கள்.

கடின மிட்டாய், குச்சி மிட்டாய் வகையில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். லேபிளில் சர்க்கரை 60 முதல் 70 கிராம் என்று இருக்கும். கார்போஹைட்ரேட்டோ 97, 98 கிராம். மீதி 30 கிராம் என்ன ஆனது? குளுக்கோஸ் பாகில் குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்துக் கோத்துச் சங்கிலியாகவும் இருக்கும். ஒன்றும் இரண்டுமாக இருப்பதை மட்டும்தான் சட்டம் சர்க்கரை என்று எண்ணுகிறது. மூன்றும் அதற்கு மேலும் கோத்த சங்கிலிகள் கார்போஹைட்ரேட் வரியோடு நின்றுவிடும். வயிற்றுக்குள் போனதும் அவையும் குளுக்கோஸாகத்தான் உடைகின்றன. அதனால் மிட்டாய் விஷயத்தில் மட்டும் நான் கார்போஹைட்ரேட் வரியையே சர்க்கரையாக எடுத்துக்கொள்ளச் சொல்வேன். 12 கிராம் எடையுள்ள ஒரு குச்சி மிட்டாய் என்றால் 12 கிராம் என்றே கழித்துவிடுங்கள். கணக்கும் சுலபம், ஏமாற்றமும் இல்லை.

ஜெல்லி மிட்டாய்களில் 45 முதல் 60 கிராம் வரை. அதே குளுக்கோஸ் பாகு விவகாரம் இங்கேயும் உண்டு. பால் சாக்லேட்டில் 50 முதல் 56 கிராம். அதில் ஒரு சிறு பங்கு பால்பொடியின் லாக்டோஸ். 45 கிராம் பட்டை ஒன்றைக் குழந்தை முழுதாகத் தின்றால் ஏறக்குறைய 25 கிராம். 70 விழுக்காடு கோகோ உள்ள கறுப்பு சாக்லேட்டில் 30 கிராம் அளவில் நிற்கும். சாக்லேட்டில் கொழுப்பும் இருப்பதால் சர்க்கரையின் பங்கு மிட்டாயை விடக் குறைவு. கலோரி மட்டும் அதிகம்.

பஞ்சு மிட்டாய் முழுக்க முழுக்கச் சர்க்கரை. பார்க்கப் பயமுறுத்தும் அளவில் இருந்தாலும் உள்ளே பெரும்பாலும் காற்று. எடை போட்டால்தான் உண்மை தெரியும். வெனிலா ஐஸ்கிரீம் 20 கிராம் அளவு. கிரீம் பிஸ்கட் 35 முதல் 40. சாதா இனிப்பு பிஸ்கட் 20 முதல் 25. ரொட்டியில் தடவும் சாக்லேட் பசைகளில் பாதிக்கு மேல் சர்க்கரை இருப்பது சாதாரணம். 15 கிராம் தடவினாலே 8 கிராம் போய்விடும்.

பானங்களை 100 கிராம் எண்ணைக் கொண்டு பார்த்தால் அப்பாவியாகத் தெரியும்: வழக்கமான கோலாவில் 100 மில்லிக்கு 10.6 கிராம். ஆனால் யாரும் 100 மில்லியோடு நிறுத்துவதில்லை. 330 மில்லி டின் ஒன்றில் 35 கிராம், அதாவது ஏறக்குறைய ஒன்பது டீஸ்பூன். ஏழு வயதுக் குழந்தையின் ஒன்றரை நாள் வரம்பு அந்த ஒரு டின்னில் முடிந்துவிடுகிறது. மென்று தின்ற உணவைப் போல பானம் வயிற்றை நிரப்புவதும் இல்லை; பின்னாலேயே சாப்பாடு வழக்கம்போல் போகும்.

வீட்டில் சமையல் தராசு இருந்தால், குழந்தை வழக்கமாகத் தின்னும் நாலைந்து பண்டங்களை ஒருமுறை எடை போட்டு, ஒன்றுக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள். இந்த வேலையை ஒரே ஒரு தடவை செய்தால் போதும்.

ஐந்தாம் படி: ஒரு நாளை அப்படியே எழுதிப் பார்ப்பது

எதையும் மாற்றாமல், வழக்கமான ஒரு நாளை மட்டும் எழுதுங்கள். ஐந்து வயதுக் குழந்தை, வரம்பு 19 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

காலையில் 30 கிராம் இனிப்பு சீரியல். குழந்தைகளுக்கென்று விற்பவற்றில் 100 கிராமுக்கு 28 கிராம் சர்க்கரை என்பது சாதாரணம், ஆக 8.4 கிராம். பள்ளிக்கு ஒரு 200 மில்லி சுவையூட்டிய பால். லாக்டோஸைக் கழித்துவிட்டால் சேர்த்தது 10 கிராம். மாலை 150 மில்லி பழச்சாறு, 15 கிராம். கூடவே இரண்டு கிரீம் பிஸ்கட், 8 கிராம். இரவில் தட்டின் ஓரத்தில் ஒரு மேசைக்கரண்டி தக்காளி சாஸ், 4 கிராம்.

கூட்டினால் 45 கிராமைத் தாண்டுகிறது. வரம்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இந்தப் பட்டியலில் மிட்டாயும் இல்லை, சாக்லேட்டும் இல்லை, குளிர்பானமும் இல்லை. "எங்கள் வீட்டில் இனிப்பே கொடுப்பதில்லை" என்று உண்மையாகவே நம்பும் ஒரு வீட்டின் நாளாகக்கூட இது இருக்கலாம்.

ஆறாம் படி: எங்கே குறைப்பது?

முதல் இடம் பானம். எப்போதும் பானம்தான். மேலே உள்ள நாளில் பழச்சாற்றுக்குப் பதில் முழுப் பழமும் தண்ணீரும் கொடுத்தால் 15 கிராம் ஒரே அடியில் குறையும். சுவையூட்டிய பாலை வெறும் பாலாக மாற்றினால் இன்னொரு 10 கிராம். 45 கிராமாக இருந்தது 20 கிராமுக்கு வந்துவிட்டது. இதுவரை குழந்தையின் தின்பண்டம் எதிலும் கை வைக்கவில்லை.

வெறும் பாலைக் குழந்தை மறுத்தால் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். சுவையூட்டிய பாலில் கால் பங்கு வெறும் பால் கலந்து ஆரம்பியுங்கள். சில நாட்களுக்கு ஒருமுறை அந்தப் பங்கைக் கூட்டுங்கள். நாக்கு இதற்குப் பழகும். சீரியலுக்கும் இதே வழி: பாதி இனிப்பு, பாதி இனிப்பில்லாதது. நம் கணக்கில் அது 4.2 கிராம் மிச்சம். பிஸ்கட்டை ஒன்றாக்கினால் 4 கிராம்.

இப்போது மீதி இருப்பது சுமார் 12 கிராம். வரம்புக்கு 7 கிராம் போல இடம் இருக்கிறது. அது இரண்டு சின்னத் துண்டு பால் சாக்லேட்டுக்குச் சரியாக இருக்கும். மிட்டாய்க்கு இடம் உண்டாக்குவது என்று நான் சொல்வது இதைத்தான். குழந்தை தனக்குப் பிடித்ததைத் தின்கிறது, நீங்களும் முகம் சுளிக்காமல் கொடுக்கிறீர்கள்.

பழச்சாற்றை அடியோடு விட முடியாது என்றால் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2017-இல் தந்த அளவுக்குள் நில்லுங்கள்: ஒரு வயது வரை பழச்சாறே வேண்டாம், 1 முதல் 3 வயது வரை நாளுக்கு 120 மில்லி, 4 முதல் 6 வரை 120 முதல் 180 மில்லி, அதற்கு மேல் 240 மில்லி. கட்டற்ற சர்க்கரைக் கணக்கில் இதுவும் அதிகம்தான் என்பதால் நான் இதில் பாதியோடு நிறுத்தச் சொல்வேன்.

செயற்கை இனிப்பூட்டிகளை மாற்றாக எடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். உடல் எடையைக் கட்டுப்படுத்த அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. அது குழந்தைகளுக்கும் பொருந்தும். எல்லாமே இனிக்க வேண்டும் என்ற பழக்கத்தை அவை மாற்றுவதில்லை என்பது எனக்கு அதைவிட முக்கியமான காரணம். சர்பிட்டால் போன்ற மாற்று இனிப்புகள் கலந்த சர்க்கரையில்லா மிட்டாய்களை அதிகம் தின்றால் வயிற்றுப்போக்கும் வரும்.

ஏழாம் படி: எந்த நேரத்தில் கொடுப்பது?

பல்லைப் பொறுத்தவரை எவ்வளவு தின்றோம் என்பதைப் போலவே எத்தனை தடவை தின்றோம் என்பதும் முக்கியம். பல்லின் மேல் படிந்திருக்கும் பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அங்கே பிஎச் (அமிலத்தை அளக்கும் எண்; குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சமன்செய்து பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி நேரம் வரை, சில சமயம் அதற்கும் மேல் பிடிக்கும். பத்து ஜெல்லி மிட்டாயை ஒரே அமர்வில் தின்றால் பல்லுக்கு ஒரு தாக்குதல். அதே பத்தை அரை மணிக்கு ஒன்றாக மாலை முழுவதும் தின்றால் பல்லுக்கு ஓய்வே கிடையாது.

இது ஸ்வீடனில் 1940-களின் பிற்பகுதியில் வீபேஹோல்ம் என்ற மனநல நிறுவனத்தில் நடந்த ஆய்வில் தெளிவாகத் தெரிந்தது. சாப்பாட்டோடு சேர்த்துச் சர்க்கரை கொடுத்தவர்களைவிட, சாப்பாட்டுக்கு இடையிடையே ஒட்டும் டாஃபி கொடுத்தவர்களுக்குப் பல் சொத்தை மிக அதிகமாக வந்தது. மறுப்புச் சொல்ல வழியற்ற அறிவுசார் குறைபாடுள்ள மனிதர்களின் பற்களை வேண்டுமென்றே கெடுத்துக் கிடைத்த தகவல் இது. இன்று எந்த நாட்டிலும் அனுமதிக்க முடியாத கொடுமை. அவர்கள் கொடுத்த விலையை மறக்காமல் இந்தத் தகவலைப் பயன்படுத்துவதுதான் முறை. இதன் பிறகு ஸ்வீடனில் மிட்டாயை வாரம் ஒரு நாளோடு நிறுத்தும்படி அறிவுறுத்தினார்கள்; சனிக்கிழமை மிட்டாய் என்ற வழக்கம் அங்கே இன்றும் இருக்கிறது.

நடைமுறையில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இனிப்பைச் சாப்பாடு முடிந்த கையோடு கொடுங்கள். அப்போது உமிழ்நீர் நன்றாகச் சுரந்துகொண்டிருக்கும். அப்புறம் ஒரு வாய் தண்ணீர். நீண்ட நேரம் வாயில் கிடக்கும் குச்சி மிட்டாயையும் பல்லிடுக்கில் ஒட்டும் டாஃபியையும் விட, சீக்கிரம் கரைந்து போகும் சாக்லேட் மேல். தூங்கப் போகும் முன் இனிப்பு வேண்டவே வேண்டாம். தூக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடும். புளிப்பு மிட்டாயில் அமிலமும் சேர்ந்திருப்பதால் அதைத் தின்றதும் உடனே பல் துலக்காமல் அரை மணி நேரம் பொறுத்துத் துலக்கச் சொல்லுங்கள். ஃப்ளோரைடு பற்பசை மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதற்கு மேல் ஆறு வயது வரை பட்டாணி அளவு, நாளுக்கு இருமுறை.

பிறந்தநாள், விழா நாட்களில் வரம்பு தாண்டத்தான் செய்யும். அன்று கணக்குப் போட்டுக்கொண்டு நிற்காதீர்கள். வரம்பை வாரத்துக்குப் பார்த்தால் போதும்: 19 கிராம் என்றால் ஏழு நாளைக்கு 133. ஒரு நாள் 40 கிராம் போனால், அடுத்த நாட்களில் பானத்தைக் கவனித்தாலே சரியாகிவிடும்.

எட்டாம் படி: குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

இனிப்பு மீது குழந்தைக்கு இருக்கும் ஆசை பிறவியிலேயே வருவது. பிறந்த சில மணி நேரக் குழந்தையின் நாவில் இனிப்பு நீரைத் தொட்டாலே முகம் தளர்ந்து உதட்டைச் சப்பும். ஆகவே மிட்டாய்க்கு அடம்பிடிக்கும் குழந்தையைக் கெட்ட பழக்கம் பிடித்த குழந்தை என்று நினைக்க வேண்டாம்.

கண்ணெதிரே வைத்துக்கொண்டு தொடாதே என்று சொல்வதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. ஒரு தின்பண்டத்தைப் பார்வைக்கு வைத்துத் தடை போட்டபோது குழந்தைகளின் ஆசையும் பேச்சும் அதைச் சுற்றியே அதிகமானதை 1999-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. வீட்டில் வாங்கி வைக்காமல் இருப்பது வேறு. வாங்கி வைத்துப் பூட்டுவது வேறு. முதலாவதைச் செய்யுங்கள். கொடுக்கும்போது தாராள முகத்தோடு கொடுங்கள். "காய் சாப்பிட்டால் சாக்லேட்" என்று பேரம் பேசினால், காய் தண்டனை, சாக்லேட் பரிசு என்று குழந்தை கற்றுக்கொள்ளும்.

ஏழு, எட்டு வயதுக் குழந்தைக்கு லேபிள் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கலாம். வகுத்தல் தெரிந்த வயதுதானே. "இதில் எத்தனை டீஸ்பூன் என்று கண்டுபிடி" என்று கையில் கொடுத்தால் ஆர்வமாகச் செய்வார்கள். இரண்டு பாக்கெட்டில் எதை எடுப்பது என்ற முடிவையும் அவர்களிடமே விடலாம். ஆனால் உடல் எடையைப் பற்றியோ பருமனைப் பற்றியோ பேசிப் பயமுறுத்தாதீர்கள். பல், பசி, விளையாடத் தெம்பு என்று பேசினால் போதும்.

சர்க்கரை தின்றால் குழந்தை துள்ளும், அடங்காது என்பது பரவலான நம்பிக்கை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 1995-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரை, சர்க்கரைக்கும் குழந்தைகளின் நடத்தைக்கும் தொடர்பு காணவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னொரு ஆய்வில், குழந்தைக்குச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம் என்று தாய்மாரிடம் சொன்னார்கள். உண்மையில் கொடுத்தது சர்க்கரையில்லாத பானம். அப்படி இருந்தும் அந்தத் தாய்மார் குழந்தை அதிகம் துள்ளுவதாகச் சொன்னார்கள். சர்க்கரையைக் குறைக்கப் பல்லும் உடல்நலமும் போதுமான காரணங்கள். உண்மையில்லாத காரணத்தைச் சொன்னால் ஒரு நாள் குழந்தையே அதைக் கண்டுபிடித்துவிடும், மற்றதையும் நம்பாது.

தனிக் கவனம் வேண்டிய சில இடங்கள்

முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைக்கு இந்த வரம்புகளை நீங்களாகப் போடாதீர்கள். ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கும்போது அதே பழச்சாறும் குளுக்கோஸும்தான் உயிர்காக்கும் மருந்து. அந்தக் குழந்தையின் கணக்கை மருத்துவரும் உணவியல் நிபுணரும் சொல்வதைப் போலவே வையுங்கள்.

ஒரு வயதுக்குள் தேன் ஒரு சொட்டுகூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய கிருமியின் வித்துகள் பச்சிளம் குழந்தையின் குடலில் வளர்ந்து பாட்டுலிசம் என்ற நரம்பைத் தாக்கும் நோயை உண்டாக்கும். சர்க்கரை வரம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆபத்து அதைவிடப் பெரிது. நான்கு வயதுக்குள் கடின மிட்டாயும் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயை அடைத்துவிடும். பெரிய குழந்தையானாலும் ஓடிக்கொண்டே குச்சி மிட்டாய் சப்ப விட வேண்டாம்.

நாள்பட்ட நோய்க்குத் தினமும் சிரப் குடிக்கும் குழந்தை என்றால் அதில் சர்க்கரை எவ்வளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள். பல மருந்துகளுக்குச் சர்க்கரையில்லா வடிவம் உண்டு. அது இல்லாவிட்டால், இரவு மருந்தைப் பல் துலக்குவதற்கு முன் கொடுத்துவிடுங்கள். மருந்தை மட்டும் சர்க்கரைக் கணக்குக்காக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது.